விடையை மட்டும் சொல்லாதீங்க

உப்பு என்ற சொல் அன்று காலை அவளுக்கு வரவில்லை.

கடைக்காரர் சாமான்களைப் பைக்குள் அடுக்கிவிட்டு, "வேற என்னம்மா?" என்றார். அவள் வாயைத் திறந்தாள். வெள்ளையாக இருக்கும், ஈரம் பட்டால் கட்டிதட்டிப் போகும், போட மறந்தால் சாப்பிடுகிற ஆள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். இத்தனையும் தெரிந்தது. பெயர்தான் இல்லை. மறதி அவளுக்குப் புதிதில்லை. மறந்த சொல் தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவே எங்கேயோ நின்று போக்குக் காட்டும், வேறு வேலையாக இருக்கும்போது தானாக வந்து விழும். இது அப்படி இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவிப் பார்ப்பதுபோல், வழவழவென்று ஒரு குழி.

"அது... அதுதாங்க..." விரல்களைத் தேய்த்துக் காட்டினாள்.

"சர்க்கரையா?"

"இல்ல. அதோ, அந்தக் கீழ்த்தட்டுல."

"அட, உப்பு! இதுக்கா இந்தப் பாடு?" கடைக்காரர் சிரித்தார்.

அவர் சொன்னது காதில் விழுந்தது. திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம் என்று உதட்டைக் குவித்தாள். காற்று மட்டும் வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போதும் உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தாள். வேலைக்குப் போன காலமெல்லாம் அவள் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். "எந்த எண் வேணும்?" என்று அவள் கேட்கிற குளிர்ச்சிக்காகவே இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டவர்கள் உண்டு. பேச்சுதான் அவளுடைய பிழைப்பு. ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு விலைபோகவில்லை. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். நாள் முழுக்கக் காகிதத்தைத் திருத்தியது போதாமல், வந்து அவளையும் திருத்துவார். மேலதிகாரியைப் பற்றி அவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "தப்பு. 'போனார்'னு சொல்லு. 'போனாங்க'ன்னா என்ன, ஊர்வலமா?" என்பார். இப்படி இரண்டு தடவை நிறுத்தினால் அவளுக்குச் சொல்லவந்த விஷயமே விட்டுப்போகும். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி முடித்த கதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காலையில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தின் மூலையில் தினமும் ஒரு குட்டிக் குறுக்கெழுத்து வரும். 'சின்னக் கட்டம்' என்று பெயர். தேநீர் ஆறுவதற்குள் அதைப் போட்டு முடித்துவிட்டு அவளைக் கூப்பிடுவார். அடுப்பில் என்ன இருந்தாலும் வந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு குறிப்பையும் படித்து, எந்தச் சொல்லைக் கலைத்தால் எந்தச் சொல் வரும், எதன் தலையை வெட்டினால் எது மிஞ்சும் என்று பென்சிலால் தட்டித் தட்டி விளக்குவார். பாதி நாள் அவர் படிக்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிடும். சொல்லமாட்டாள். சொன்னால் அன்றைய பொழுது கெட்டுப்போகும்.

போன வருடம் அவர் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு அடியோடு போய்விட்டது. மருத்துவமனை நடைபாதையில் மகள் சுவரில் சாய்ந்து கதறினாள். அப்பாவின் செல்லம் அவள்; கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். இவளும் மகளோடு சேர்ந்து அழத்தான் செய்தாள். ஆனால் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "வெயில் வராங்க, திரையை இழுத்துவிடட்டுமா?" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தபோது, அறையில் ஒரு சத்தமும் எழவில்லை. அந்த அமைதி பாதத்திலிருந்து தலைவரை இதமாக ஏறியது. அன்றைக்குப் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பாத்திரம் கழுவும்போது பேசினாள், அவருக்கு ஊட்டும்போது பேசினாள், முடிக்காமல் விட்ட கதைகளை எல்லாம் தூசி தட்டி எடுத்துத் தப்பும் தவறுமாக ஆசைதீரச் சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவள் கண்ணை அல்ல, வாயை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாராவாரம் ஒரு பெண் வந்தாள். சிரித்த முகம், கையில் படம் போட்ட அட்டைகள். "ஐயா முன்னாடி என்ன விரும்பிச் செய்வார்?" என்று கேட்டாள்.

"சின்னக் கட்டம் போடுவார்."

"அப்ப அதையே பிடிச்சுக்குங்கம்மா. தினம் ஒவ்வொரு குறிப்பா படிங்க. எப்படி யோசிக்கணும்னு விளக்கிச் சொல்லுங்க. விடையை மட்டும் சொல்லாதீங்க. அது அவர் வாயிலேருந்துதான் வரணும்."

இப்படித்தான் பென்சில் அவள் கைக்கு வந்தது. மறுக்கவில்லை, உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம்கூட இருந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு விளக்குவாள். ஒரு நாள் 'பாதி காலியானாலும் உட்காரலாம், நான்கு எழுத்து' என்று வந்தது. பார்த்தவுடனே பிடிபட்டது. இருந்தாலும் அவரை வெறுப்பேற்ற வேண்டும்போல் இருந்தது. "பெஞ்சுன்னு போட்டுக்கலாமா?" என்றாள்.

"தப்பு," என்றார் அவர்.

பென்சில் கீழே விழுந்து உருண்டது. உதடு கோணலாகத்தான் இருந்தது. சொல் மட்டும் நேராக வந்திருந்தது. பல மாதத்துக்குப் பிறகு வருகிற முதல் சொல் இதுதானா என்று அவளுக்குக் கசந்தது. ஆனாலும் பென்சிலைக் குனிந்து எடுத்து, ஒழுங்காக விளக்கினாள். "சொல்லோட பின்பாதி 'காலி'ன்னு முடியணும். முன்பாதியில ரெண்டு எழுத்து. வீட்டுல எல்லா அறையிலயும் இருக்கும்."

அவர் அவள் உதட்டையே பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது, தண்ணீர் குடிப்பவரைப்போல. "நாற்காலி," என்றார்.

அவள் வாய்க்குள் ஏதோ ஒன்று, பல் விழுந்ததுபோல், சத்தமில்லாமல் கழன்றது. அப்போது அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கடையிலிருந்து திரும்பி, பையோடு வாசலில் நிற்கும்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஜன்னலோரம் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "உப்பு," என்றார். நிறுத்தி, மறுபடியும், "உப்பு." ருசி பார்ப்பதுபோல் நாக்கு வெளியே வந்து உதட்டைத் துழாவிவிட்டு உள்ளே போனது. நேற்றைய கட்டத்தில் 'கடலில் பிறக்கும், நீரில் விழுந்தால் காணாமல் போகும்' என்று இருந்தது. அவள் விளக்கினாள், அவர் சொன்னார். அதற்கு முந்தைய சொல்? அவர் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாமானைப் பார்த்தாள். நான்கு கால், ஒரு முதுகு, இரண்டு கை. பெயரைத் தேடினாள்.

குழி.

மறுநாள் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். 'தகவு கலைந்தால் தட்டத்தான் வேண்டும், மூன்று எழுத்து.' விளக்குவதற்கு முன்னால் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, விடையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கதவு, கதவு, கதவு. நன்றாக வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். "'தகவு'ங்கிற சொல்லோட எழுத்துகளை மாத்திப் போடணும். முதல்ல இருக்கிறதும் நடுவுல இருக்கிறதும் இடம் மாறினாப் போதும்."

"கதவு."

உடனே எழுந்து சமையலறைக்கு ஓடினாள். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மகளிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தாள். "அவர் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் எனக்கு அந்த வார்த்தை போயிடுது பாப்பா."

"அம்மா, அப்பா பேச ஆரம்பிச்சதுல உனக்குச் சந்தோஷமே இல்லையா?"

"அதில்லடி..."

"நேத்து என்னை எப்படிக் கூப்பிட்டார் தெரியுமா? 'ம்மா'ன்னார். நான் அழுதுட்டேன். நீ என்னடான்னா... தூங்குறியா ஒழுங்கா? முதல்ல ஒரு டாக்டரைப் பாரு."

பார்த்தாள். தலையைப் படமெடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வயதுக்கு ஏற்ற மூளைதான், கவலைப்பட ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அவள் தன் தந்திரங்களைச் செய்தாள். செய்தித்தாளை வாசலிலேயே எடுத்து மறைத்துவிட்டு, தானே ஒரு கட்டம் வரைந்து, தனக்குத் தேவைப்படாத சொற்களாகப் பார்த்து வைத்தாள். ஒட்டகச்சிவிங்கி போனால் போகட்டும், அதைக் கூப்பிட்டு அவளுக்கு என்ன ஆகப்போகிறது? நீண்ட கழுத்து, புள்ளி உடம்பு என்று விளக்கினாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுபடி விளக்கினாள். அவர் இடது கையை மெல்லத் தூக்கி, சுட்டுவிரலை நீட்டி, அவள் தொண்டைக் குழியில் வைத்தார். அழுத்தவில்லை. வைத்தார், அவ்வளவுதான். விரல் நுனி ஈரமாக இருந்தது.

சில நாள் கட்டமே இல்லை என்று இருந்துவிட்டாள். அவர் முகம் சரிய ஆரம்பித்தது. எச்சில் வழிந்தது. ஊட்டிய ரொட்டி வாயோரமே தங்கியது. இடது கையால் இருக்கையின் மரக்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார், டொக், டொக், டொக் என்று, அவள் குளிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், மதியம் தெருவில் ஆளரவமே இல்லாமல் வெயில் மட்டும் நிற்கிற நேரத்திலும். போன சொற்கள் அவளுக்குத் திரும்பி வரவில்லை. பட்டினி போட்டது அவரை மட்டும்தான்.

பயிற்சிக்காரப் பெண் வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப்போனாள். "என்னம்மா, இவ்வளவு நல்லா வந்துட்டு இருந்தாரே! நிறுத்திட்டீங்களா? இப்ப விட்டா அப்புறம் பிடிக்க முடியாது." மேசைக்கு அடியில் மறைத்திருந்த அன்றைய தாளை அவளே கண்டுபிடித்து எடுத்தாள். "வாங்க, நான் இருக்கும்போதே ஒண்ணு போட்டுடலாம்."

'தலை போனால் தவி. தலை இருந்தால் கேள். மூன்று எழுத்து.'

அவளுக்கு விடை தெரிந்தது. இந்தப் பெண்ணிடம் இன்றைக்கு எதைக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளோ, அதேதான். "எனக்குத் தெரியலை," என்றாள்.

"சும்மா சொல்லாதீங்கம்மா. ஐயா எவ்வளவு ஆசையாப் பார்க்கிறார் பாருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"'தவி'ங்கிற சொல்லுக்கு முன்னாடி," என்று அவள் மெதுவாக ஆரம்பித்தாள், பள்ளத்தில் காலை விடுபவளைப்போல, "ஒரே ஒரு எழுத்தைச் சேர்க்கணும். கஷ்டத்துல இருக்கிறவங்க அடுத்தவங்ககிட்ட கேக்கிறது."

"உதவி," என்றார்.

பெண் கை தட்டினாள். அட்டைகளைப் பைக்குள் போட்டாள், செருப்பை மாட்டினாள். பின்னாலேயே படிவரைக்கும் போய் அவள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு... எனக்கு நீங்க..."

"சொல்லுங்கம்மா?"

"எனக்கு..."

"தெரியும்மா. தேங்க்ஸெல்லாம் எதுக்கு? என் வேலைதானே இது." அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அந்தப் பெண் தெருவில் இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் சொற்கள் வேகமாகப் போயின. சாவி போனது, அதனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிற எண்ணமே அவளுக்குள் நொண்டியடித்தது. மருந்து போனது. மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டு ஊமைபோல் நின்றாள். 'மனைக்குப் பின்னால் விதியின் தொடக்கம்' என்று ஒரு நாள் வந்தது. "மனைவி," என்று அவர் சொன்னபோது அவளுக்குப் பெரிதாக வருத்தமில்லை. அந்தச் சொல்லால் அவளுக்கு என்ன கிடைத்தது, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு கோலூன்றி நின்றார். கன்னத்தில் சதை பிடித்தது. வலது கை பென்சிலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது.

ஒரு சாயங்காலம். விளக்கு போடுவதற்கு முந்தைய நேரம். அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து யாரோ பெண் பேசுகிற சத்தம் கேட்டது. மகள் சொல்லாமல் வந்துவிட்டாளோ என்று துணியோடு ஓடினாள். கூடத்தில் யாரும் இல்லை. சத்தம் அவர் அறையிலிருந்து வந்தது. அந்த அறையின் மரம் – அடைத்திருக்கும் அந்த மரத்துக்கு இப்போது அவளிடம் பெயர் இல்லை – அதில் காதை வைத்தாள். பென்சில் சீவிய தூளின் மணமும் அச்சு மையின் மணமும் இடுக்கு வழியே வந்தன. உள்ளே ஒரு குரல், இளசாக, குளிர்ச்சியாக, சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது.

"கதவு. சாவி. மருந்து. உதவி, உதவி, உதவி."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். காதில் கருவி மாட்டிக்கொண்டு எண் கேட்ட காலத்துக் குரல். கல்யாணத்துக்கு முந்தைய குரல்.

"எந்த எண் வேணும்?" என்றது உள்ளே.

துணி கையிலிருந்து நழுவியது.

மரம் திறந்தது. அவர் கோலில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் பழைய முகம். கோணல் போயிருந்தது.

"எதுக்கு?" என்றாள் அவள். அந்த அளவுக்கு இன்னும் சொற்கள் இருந்தன. "எதுக்கு என்னோடதை எடுக்கிறீங்க?"

அவர் யோசித்தார். வீட்டுச் செலவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் யோசிப்பாரே, அதே மாதிரி. "நீ இத்தனை வருஷமா பேசினது எல்லாம் வீணாத்தானே போச்சு," என்றார் தன் சொந்தக் குரலில், சாவகாசமாக. "வீணாப் போறதை எடுத்துக்கிறேன். இதுல உனக்கு என்ன நஷ்டம்?"

"நான் பேசுவேன். எனக்கு வேணும்."

"யார்கிட்ட பேசப்போறே?"

அவளிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு பதில். மகளின் பெயர். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் முன்னால் அதைச் சொல்வதே, நகையை எடுத்துத் திருடனுக்குக் காட்டுவதுபோல் இருந்தது. ஆனால் அவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தச் சொல்லுக்காகக் குவியப் பார்த்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலைத் தாளில் அது வந்திருந்தது.

'எந்தப் பக்கமிருந்து படித்தாலும் குழந்தைதான். மூன்று எழுத்து.'

தாளை வாசலிலேயே வைத்துக் கிழித்தாள். கிழித்ததை இன்னும் கிழித்தாள். அந்த மூலையை மட்டும் வாயில் போட்டு மென்று விழுங்கினாள், மை கசந்தது. உள்ளே போய் அவர் எதிரே உட்கார்ந்து உதட்டை உள்ளுக்கு மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். விளக்கமாட்டேன். உயிரே போனாலும் விளக்கமாட்டேன். பாப்பா, பாப்பா, பாப்பா. மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் அவசரப்படவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்தார். வாயைத் திறந்தார்.

"முதல்ல இருக்கிற எழுத்தும் கடைசியில இருக்கிற எழுத்தும் ஒண்ணுதாங்க," என்றது அவளுடைய குரல், அவர் வாயிலிருந்து. பொறுமையாக. தலையைக்கூட அவளைப்போலவே ஒரு பக்கம் சாய்த்திருந்தார். "நடுவுல ஒரு புள்ளி வச்ச எழுத்து. அதனாலதான் முன்னாடியிருந்து படிச்சாலும் பின்னாடியிருந்து படிச்சாலும் ஒரே மாதிரி வருது. எங்க வீட்டுல ஒருத்திக்கு அதுதான் செல்லப் பேரு."

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

அவர் உதடு இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தது.

மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனது. பாதியில். எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று பார்த்தாள். ஒரு முகம் மட்டும் இருந்தது. பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி, நெற்றியில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. முகத்துக்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். "பாப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லம்மா," என்றார். "ஒரு தடவை வந்துட்டுப் போ."

மகள் வந்து சேர்வதற்குள் அவரே விளக்கி, அவரே விடை சொல்லி, மிச்சமிருந்த சொற்களையும் எடுத்துக்கொண்டார். மகள் வந்தாள். கோலில்லாமல் வாசல்வரை வந்து நின்ற அப்பாவைப் பார்த்ததும் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் உள்ளே பார்த்தாள். ஜன்னலோரம், அவர் இருந்த இடத்தில், அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா? என்னம்மா இப்படி இளைச்சுட்டே?"

அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலைக் காட்டினாள். போ. அந்த ஒரு எழுத்துகூட இல்லை. எச்சில்தான் வந்தது.

"ரொம்ப நாளா இப்படித்தான்," என்றார் அவர் பின்னாலிருந்து. "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை. எனக்கு வந்ததுதான் அவளுக்கும் வந்திருக்குன்னு நினைக்கிறேன்."

மகள் மண்டியிட்டு அவள் முகத்தைத் துடைத்தாள். கைப்பையிலிருந்து பேனாவும் காகிதமும் எடுத்துக் கொடுத்தாள். "எழுதிக் காட்டும்மா. என்ன வேணும்?"

அவள் ஆவேசமாக எழுதினாள். எழுதித் தீர்த்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள். வரிசையாக, நேராக. எல்லாம் காலி.

மகள் அந்தத் தாளை மடித்துவைத்துவிட்டு, சத்தம் வராமல் கொஞ்ச நேரம் அழுதாள். அன்றிரவு அம்மாவைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அவள் விழித்தே இருந்தாள். மகள் மூச்சு விடுவதையும், பக்கத்து அறையில் அவர் தொண்டையைக் கனைப்பதையும் கேட்டுக்கொண்டு.

விடிந்தது. மகள் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். செய்தித்தாளை அவளே எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். "அப்பா, சின்னக் கட்டம்! எத்தனை வருஷமாச்சு உங்களோட உட்கார்ந்து போட்டு."

"எனக்கு இப்பல்லாம் சட்டுனு பிடிபட மாட்டேங்குதும்மா," என்றார் அவர். சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "நீ விளக்கு, பார்க்கலாம்."

அவள் எழுந்தாள். கால் தடுக்கியது. மேசையைப் பிடித்தாள், தாளைப் பிடித்து இழுத்தாள், தேநீர் கவிழ்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துவதுபோல.

"அம்மா! அம்மா, சும்மா இரு. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா." மகள் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். இளம் வயதின் வலு. ஒரு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் நனைந்த தாளைத் தட்டி நீவினாள். "இதைக் கேளுங்கப்பா. 'வால் அறுந்த நான்கு, மிஞ்சியது யார்? இரண்டு எழுத்து.' ஐயோ, இது சுலபம்."

"விளக்கு."

"'நான்கு'ங்கிற சொல்லை எடுத்துக்கணும். வால் அறுந்ததுன்னா கடைசி எழுத்து போயிடுச்சுன்னு அர்த்தம். மிச்சம் ரெண்டு எழுத்து. யாருன்னு கேட்டா நாம நம்மைத்தானே காட்டுவோம். சொல்லுங்கப்பா."

அவர் மகளின் வாயைப் பார்த்தார். தொண்டை ஏறியது. இறங்கியது.

"நான்," என்றார். குரல் இளமையாக இருந்தது.

"சூப்பர்பா!" மகள் கை தட்டினாள். எழுத்துகளைக் கட்டத்தில் எழுதினாள். சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா நடுங்குவதைப் பார்த்து இன்னும் நெருங்கி வந்தாள். "என்னம்மா பயம்? எதுக்கு இப்படி நடுங்கறே? நீ எதுக்கும் கவலைப்படாதே. இனிமே உன்னைப் பார்த்துக்கப் போறது..."

நின்றாள்.

"உன்னைப் பார்த்துக்கப் போறது..."

முகத்தில் சிரிப்பு இருந்தபடியே இருந்தது. புருவம் மட்டும் லேசாகச் சுருங்கியது. சுட்டுவிரல் மேலே வந்து, தன் நெஞ்சைத் தானே தொட்டது. தட்டியது. வாய் திறந்து மூடியது. மறுபடி தட்டியது.

அவர் பென்சில் முனையை நாக்கில் ஈரப்படுத்திக்கொண்டு, அடுத்த குறிப்பை மகள் பக்கம் தள்ளினார்.

மகள் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.